மாலத்தீவுக்கு பட்ஜெட் டூர்: செலவு எவ்வளவு? பெட்டியில் முருகன் படம் வைக்கலாமா?

ஊரை விட்டுக் கிளம்பினால் பெட்டியில் சாமி படம் ஒன்று வைப்பது திருத்தணிப் பக்கம் பல வீடுகளில் பழக்கம். மலைக்குப் போய் 365 படி ஏறி, தணிகைநாதனிடம் சொல்லிவிட்டு, விபூதிப் பொட்டலமும் உள்ளங்கை அளவு முருகன் சிலையுமாகத்தான் பயணமே தொடங்கும். டெல்லிக்குப் போனாலும் சரி, சிங்கப்பூருக்குப் போனாலும் சரி, யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. ஆனால் போகிற இடம் மாலத்தீவு என்றால் அந்தச் சின்னச் சிலையே விமான நிலையத்தில் சிக்கலாகிவிடும்.

'மாலத்தீவா? அதெல்லாம் சினிமாக்காரங்க போற இடம்' என்று நினைத்த காலம் போய்விட்டது. கல்யாணமான புது ஜோடி, மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்த பள்ளி ஆசிரியர்கள், ஏலச்சீட்டு எடுத்த குடும்பம் என எல்லோரும் இப்போது விசாரிக்கிறார்கள். குறைந்த செலவில் போக முடியுமா என்றால், முடியும். அதற்குத் தங்க வேண்டிய இடம் வேறு, அங்கே நடந்துகொள்ள வேண்டிய விதமும் வேறு. இரண்டையும் பார்க்கலாம்.

ரிசார்ட் தீவு வேற, ஊர்த்தீவு வேற

மாலத்தீவில் சுமார் 1,200 தீவுகள் இருக்கின்றன. அவற்றில் மக்கள் வசிப்பவை 200க்கும் குறைவு. விளம்பரத்தில் வரும் தண்ணீருக்கு மேல் கட்டிய மர வீடுகள் எல்லாம் ரிசார்ட் தீவுகளில் இருப்பவை. அங்கே ஒரு தீவு முழுக்க ஒரே ஹோட்டல்தான், ஊர் கிடையாது. 1972ல் குரும்பா என்ற தீவில் முதல் ரிசார்ட் தொடங்கியதிலிருந்து நீண்ட காலம் சுற்றுலாப் பயணி என்றால் அங்கே மட்டும்தான் தங்க முடிந்தது. உள்ளூர் மக்களும் வெளிநாட்டுப் பயணிகளும் கலக்காதபடி அரசே பார்த்துக்கொண்டது.

2009 வாக்கில், முகமது நஷீத் அதிபராக இருந்தபோது, மக்கள் வசிக்கும் தீவுகளிலும் கெஸ்ட் ஹவுஸ் நடத்த அனுமதி கிடைத்தது. பட்ஜெட் மாலத்தீவு என்பதே அதற்குப் பிறகு வந்ததுதான். தலைநகர் மாலேயிலிருந்து தெற்கே படகில் போகும் தூரத்தில் இருக்கும் மாஃபுஷி தீவு இதில் பிரபலம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கால் மணி நேரம், இருபது நிமிடத்தில் நடந்துவிடலாம். அந்தச் சின்ன இடத்தில் பள்ளிவாசல், பள்ளிக்கூடம், மளிகைக்கடை, ஒரு சிறைச்சாலை, வரிசையாக கெஸ்ட் ஹவுஸ்கள். இன்னும் அமைதியாக வேண்டும் என்றால் குல்ஹி, திஃபுஷி, தர்பூசணித் தோட்டங்களுக்குப் பெயர்போன தோட்டூ, திமிங்கலச் சுறா பார்க்கப் போகிறவர்கள் தங்கும் திகுரா என்று தேர்ந்தெடுக்க நிறைய இருக்கின்றன.

ஆக, பணம் மிச்சமாகும் இடம் ஊர்த்தீவு. அது ஒரு முஸ்லிம் நாட்டின் கிராமம். ஐந்து வேளை பாங்கு கேட்கும், குழந்தைகள் சீருடையில் பள்ளிக்குப் போவார்கள், பெண்கள் தலைக்குத் துணி போட்டு நடப்பார்கள். ரிசார்ட்டுக்கு அரசு கொடுத்திருக்கும் சலுகைகள் இங்கே செல்லாது. மலிவான அறையை புக் செய்துவிட்டு ரிசார்ட் வாழ்க்கையை எதிர்பார்த்துப் போகிறவர்கள்தான் அங்கே போய் ஏமாற்றமடைகிறார்கள்.

விசா வேண்டாம், ஆனா இதெல்லாம் வேணும்

இந்தியர்களுக்கு முன்கூட்டி விசா தேவையில்லை. சுற்றுலாவுக்கு இறங்கியவுடன் இலவச அனுமதி. 90 நாள் வரை தங்கலாம். பாஸ்போர்ட், திரும்பி வரும் டிக்கெட், தங்குமிட புக்கிங் மூன்றையும் அதிகாரி பார்ப்பார். பாஸ்போர்ட் காலாவதியாக 6 மாதத்துக்கு மேல் இருந்தால் விமான நிறுவன கவுன்ட்டரிலும் பேச்சு வராது.

பாஸ்போர்ட்டே இன்னும் எடுக்கவில்லை என்றால் முதல் வேலை அதுதான். திருவள்ளூர் மாவட்டம் சென்னை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. 36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000. போலீஸ் விசாரணை உள்ளூர் ஸ்டேஷன் வழியாக வரும். எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி, புத்தூரில் இருக்கும் சொந்தக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு போகிறவர்கள், அவர்களுக்குத் திருப்பதி பாஸ்போர்ட் சேவை மையம் கிட்டத்தில் இருப்பதை மறக்க வேண்டாம். எல்லோருடைய பாஸ்போர்ட்டும் கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுவதே நல்லது. விமானச் சலுகை டிக்கெட்டுகளில் பெரும்பாலும் பணம் திரும்பாது.

அடுத்தது 'இமுகா' படிவம். மாலத்தீவு குடியேற்றத் துறையின் இணையதளத்தில், விமானம் கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இதை நிரப்ப வேண்டும். கிடைக்கும் க்யூஆர் கோடை போனில் வைத்துக்கொண்டால் போதும். திரும்பி வரும்போதும் ஒருமுறை நிரப்ப வேண்டும். இது முழுக்க இலவசம். கூகுளில் தேடும்போது மேலே வரும் சில தனியார் தளங்கள் இதற்கே டாலர் கணக்கில் காசு கேட்கின்றன. கார்டு விவரம் கேட்டால் அது அரசு தளம் இல்லை, வெளியே வந்துவிடுங்கள்.

கணக்கு போட்டுப் பார்க்கலாமா?

கெஸ்ட் ஹவுஸ் விளம்பரத்தில் ஓர் இரவுக்கு 50 டாலர் என்று இருக்கும். கடைசி பில்லில் அது 50ஆக இருக்காது. இங்கேதான் பலருடைய பட்ஜெட் உடைகிறது.

அறை வாடகை மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்ந்து 55 டாலர் ஆகும். அதன் மேல் சுற்றுலா ஜிஎஸ்டி. 2025 ஜூலை 1 முதல் இது 17 சதவீதம். ஆக 64 டாலர் 35 சென்ட். இதோடு முடியவில்லை. 'கிரீன் டாக்ஸ்' என்று ஒன்று உண்டு. 50 அறை வரை உள்ள கெஸ்ட் ஹவுஸில் ஒரு நபருக்கு ஒரு நாளைக்கு 6 டாலர், ரிசார்ட்டிலும் பெரிய ஹோட்டலிலும் 12 டாலர். 2025 ஜனவரி 1ல் இது இரண்டு மடங்கானது. பழைய யூடியூப் வீடியோவில் 3 டாலர் என்று சொல்லியிருந்தால் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்த வரி இல்லை.

இரண்டு பேர், 4 இரவு, மாஃபுஷி என்று வைத்துக்கொள்வோம். அறை, வரியோடு 257 டாலர். கிரீன் டாக்ஸ் 48 டாலர். விமான நிலையத்திலிருந்து ஸ்பீட் போட்டுக்குத் தலைக்கு ஒரு வழிக்கு சுமார் 25 டாலர் என்றால் இருவருக்கும் போக வர 100. சாப்பாட்டுக்கு ஒருவருக்கு நாளுக்கு 20 டாலர் ஒதுக்கினால் 160. மணல் திட்டு, பவளப் பாறை பார்க்கும் ஒரு படகு ட்ரிப்புக்கு இருவருக்கும் 80. கூட்டினால் 645 டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்று போட்டால் 58,000 ரூபாய். விமான டிக்கெட் போக வர தலைக்கு 22,000 ரூபாயில் கிடைத்தால் மொத்தம் ஒரு லட்சத்து இரண்டாயிரம். 'வெறும் 49,999க்கு இருவருக்கும் மாலத்தீவு' என்ற இன்ஸ்டாகிராம் விளம்பரம் கண்ணில் பட்டால், டிக்கெட், ஸ்பீட் போட், கிரீன் டாக்ஸ் மூன்றும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

மாலத்தீவிலிருந்து வெளியேறும்போது எகானமி பயணியிடம் வாங்கும் புறப்பாட்டு வரி 50 டாலர், விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம் 50 டாலர். இவை டிக்கெட் விலைக்குள்ளேயே இருக்கின்றன. யாராவது தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. இந்தியாவில் டிராவல்ஸ் வழியாக பேக்கேஜாக எடுத்தால் டிசிஎஸ் பிடிப்பார்கள். ரசீதை பத்திரமாக வைத்தால் வருமான வரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம்.

செலவை இன்னும் குறைக்க ஒரே பெரிய வழி அரசு ஃபெரிதான். மாலேயிலிருந்து மாஃபுஷிக்கு ஸ்பீட் போட்டில் 40 நிமிடம் போல ஆகும். ஃபெரியில் ஒன்றரை மணி நேரம் ஆகும், ஆனால் கட்டணம் சில டாலர்தான். சிக்கல் என்னவென்றால் எண்ணிக்கை மிகக் குறைவு, வெள்ளிக்கிழமை பெரும்பாலும் ஓடாது. அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில் கடைகளும் மூடியிருக்கும். விமானம் சாயங்காலம் இறங்கினால் ஃபெரி கிடைக்காமல் மாலேயிலோ ஹுல்ஹுமாலேயிலோ ஓர் இரவு தங்க வேண்டிவரும். அந்த அறை வாடகைக்கு ஸ்பீட் போட்டிலேயே போயிருக்கலாம். அதனால் டிக்கெட் போடுவதற்கு முன்பே ஃபெரி நேரத்தைப் பார்க்க வேண்டும்.

சென்னையிலிருந்து கொழும்பு வழியாகப் போகலாம். பெங்களூரு, கொச்சி, திருவனந்தபுரத்திலிருந்து விலை குறைகிறதா என்றும் ஒப்பிட்டுப் பார்க்கலாம், ரயில் செலவையும் சேர்த்து. திருத்தணியிலிருந்து அரக்கோணம் வழியாக ரயிலில் சென்ட்ரல் வந்து, அங்கிருந்து மெட்ரோவில் நேராக விமான நிலையத்துக்கே போய்விடலாம். விடிகாலை விமானம் என்றால் இது ஒத்துவராது. முந்தின நாள் ராத்திரியே கிளம்ப வேண்டும், இல்லையென்றால் கார் வாடகையையும் பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும்.

முருகனை எடுத்துட்டுப் போகலாமா?

கூடாது. மாலத்தீவு சுங்கத் துறையின் தடைப் பட்டியலில் மது, பன்றி இறைச்சி, போதைப்பொருள், ஆபாசப் பொருட்களோடு 'வழிபாட்டுச் சிலைகள்' என்பதும் தெளிவாகவே இருக்கிறது. இஸ்லாத்துக்கு எதிரானதாகக் கருதப்படும் பொருட்களுக்கும் தடை உண்டு. பித்தளை முருகன், மயில் மேல் உட்கார்ந்த சிலை, பூஜைக்கு வைக்கும் சின்ன வேல் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பெட்டிகளை எக்ஸ்ரேயில் போட்டுத்தான் வெளியே விடுவார்கள், உலோகம் என்றால் பளிச்சென்று தெரியும். ஃபிரேம் போட்ட சாமி படத்தையும் கொண்டுபோகாமல் இருப்பதே நிம்மதி. 'சும்மா ஒரு படம்தானே' என்று அங்கே நின்று விளக்கம் சொல்ல மொழியும் இருக்காது, நேரமும் இருக்காது.

இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த நாட்டின் சட்டமே அப்படி அமைந்திருக்கிறது. 2008ல் வந்த அரசியலமைப்பின்படி முஸ்லிம் அல்லாதவர் அங்கே குடிமகனாக முடியாது. பிற மதத்தினர் பொது இடத்தில் வழிபடவோ, தங்கள் மதத்தைப் பற்றிப் பிரசாரம் செய்யவோ அனுமதி இல்லை. அறைக்குள் கண்ணை மூடி வேண்டிக்கொள்வதை யாரும் தடுக்கப் போவதில்லை. கடற்கரையில் கற்பூரம் ஏற்றுவது, பால்கனியில் ஸ்பீக்கர் வைத்து கந்த சஷ்டி கவசம் போடுவது வேண்டாம். இயர்போன் இருக்கிறதே!

12ஆம் நூற்றாண்டில் இஸ்லாத்துக்கு மாறுவதற்கு முன் மாலத்தீவு பௌத்த நாடாக இருந்தது. அதன் அடையாளமாக மாலே தேசிய அருங்காட்சியகத்தில் இருந்த பழைய சிலைகளை 2012 பிப்ரவரியில் ஒரு கும்பல் உள்ளே புகுந்து உடைத்தது. சிலை என்பது அங்கே எவ்வளவு உணர்ச்சிகரமான விஷயம் என்பதற்கு இது ஒன்றே போதும். தமிழ் வரலாற்றிலும் இந்தத் தீவுகளுக்கு இடமுண்டு. முதலாம் ராஜராஜன் வென்றதாகக் கல்வெட்டுகள் சொல்லும் 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' மாலத்தீவுதான் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. அந்தப் பெருமையையும் ஊரில் பேசிக்கொள்ளலாம், அங்கே டீக்கடையில் வேண்டாம்!

இன்னும் இரண்டு புதிய தடைகள். 2024 நவம்பர் முதல் இ-சிகரெட், வேப் எதையும் உள்ளே கொண்டுபோக முடியாது. 2025 நவம்பர் 1 முதல், 2007 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் புகையிலைப் பொருள் வாங்குவதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம். சுற்றுலாப் பயணிகளுக்கும் இது பொருந்தும். கல்லூரிப் பையன்கள் கூட்டமாகப் போகும்போது கவனிக்க வேண்டிய விஷயம். டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டிலையும் இறங்கியதும் எடுத்து வைத்துவிடுவார்கள். ஊர்த்தீவில் மது கிடையாது. ரிசார்ட்டில் உண்டு. மாஃபுஷிக்குச் சற்றுத் தள்ளிக் கடலில் நிற்கும் படகு பார்களிலும் உண்டு.

சர்க்கரை, பிபி மாத்திரை எடுத்துப் போகிறவர்கள் டாக்டர் சீட்டையும் ஒரிஜினல் அட்டையோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஊர்த்தீவில் இருப்பது சின்ன சுகாதார மையம்தான். பெரிய சிகிச்சைக்கு மாலே போக வேண்டும். டிராவல் இன்ஷூரன்ஸில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கடலில் இறங்கும் முன்

ஊர்த்தீவுகளில் 'பிகினி பீச்' என்று தட்டி கட்டி ஒதுக்கிய பகுதி இருக்கும். நீச்சல் உடை அங்கே மட்டும். மற்ற கடற்கரையிலும் தெருவிலும் தோளும் தொடையும் மறைந்திருக்க வேண்டும், ஆண்கள் சட்டை இல்லாமல் நடக்கக் கூடாது. சுடிதாரோடு கடலில் இறங்குகிற நம்ம ஊர்ப் பழக்கத்துக்கு அங்கே எந்த இடைஞ்சலும் இல்லை.

உடையை விட முக்கியம் உயிர். திருத்தணிக்காரர்களுக்குப் பழக்கமான தண்ணீர் சரவணப் பொய்கையும் கிணறும்தான். மாலத்தீவில் கரையோரத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், இடுப்பளவு ஆழத்தில் வெகுதூரம் நடக்கலாம். ஆனால் பவளப் பாறை முடியும் விளிம்பில் தரை சுவர் மாதிரி செங்குத்தாக இறங்கும், நீரோட்டமும் இழுக்கும். ஸ்நார்க்கெலிங் போகும்போது நீச்சல் தெரிந்தவர்களும் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும். தெரியாதவர்கள் கையைப் பிடித்துக்கொள்ள வழிகாட்டி வருவாரா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். வர மாட்டார் என்றால் அந்த ட்ரிப் உங்களுக்கு இல்லை.

வேண்டுதலுக்கு மொட்டை போட்ட கையோடு கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பூமத்திய ரேகைக்குப் பக்கத்து வெயில் அது. மொட்டைத் தலையில் ஒரே மதியத்தில் தோல் உரிந்துவிடும். தொப்பியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். பவளத் துண்டையோ ஆமை ஓட்டையோ நினைவாக எடுத்துவர வேண்டாம், ஏர்போர்ட்டில் பிடிப்பார்கள்.

சைவக்காரங்க என்ன பண்ணுவாங்க?

நம் வீடுகளில் மாசிக் கருவாடு என்று வாங்குகிறோமே, அது மாலத்தீவின் சூரை மீன்தான். அங்கே காலை உணவான 'மாஸ் ஹுனி' என்பது சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய் பிசைந்த கலவை. தொட்டுக்கொள்ள 'ரோஷி', கிட்டத்தட்ட நம்ம சப்பாத்தி. தேங்காய் வாசனையில் நம்ம சமையலுக்கு ரொம்ப நெருக்கம், உள்ளூர் ஹோட்டலில் விலையும் குறைவு. ஆனால் சாம்பார் மாதிரி தெரிகிற எதிலும் மீன் இருக்கலாம்.

கிருத்திகை விரதம் இருப்பவர்களும் சைவம் மட்டும் சாப்பிடுபவர்களும் புக் செய்யும்போதே கெஸ்ட் ஹவுஸுக்கு மெசேஜ் போட்டுவிடுவது நல்லது. 'வெஜ்' என்று மட்டும் சொன்னால் மீனை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். மீன், மாமிசம், முட்டை எதுவும் வேண்டாம், மீன் தண்ணீரும் வேண்டாம் என்று பிரித்துச் சொல்லுங்கள். பருப்புக் கறி, சோறு, ரோஷி எங்கும் கிடைக்கும். காய்கறியெல்லாம் பெரும்பாலும் இறக்குமதி என்பதால் விலை அதிகம். பருப்புப் பொடியும் ஊறுகாயும் கையில் இருந்தால் நாலு நாள் ஓடிவிடும்.

எப்போ போகலாம்?

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வெயில் காலம், கூட்டமும் விலையும் உச்சம். மே முதல் நவம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அறைகள் மலிவு. அதற்காக நாள் முழுக்க மழை என்று அர்த்தமில்லை. வந்து கொட்டிவிட்டு வெயில் அடிக்கும், ஆனால் படகு ஆடும். வருடக் கடைசி வாரம் விலை மிக அதிகம். டிசம்பர் 31ல் திருத்தணிப் படித் திருவிழாவுக்கு இருந்துவிட்டு, பொங்கலும் கழிந்து போவதில் இரண்டு லாபமும் உண்டு.

ரமலான் மாதத்தைத் தவிர்த்தால் பட்ஜெட் பயணிக்கு வசதி. ஊர்த்தீவில் பகலில் ஹோட்டல்கள் மூடியிருக்கும், பொது இடத்தில் சாப்பிடவோ தண்ணீர் குடிக்கவோ கூடாது. கெஸ்ட் ஹவுஸுக்குள் சாப்பாடு தருவார்கள். ரமலான் ஒவ்வொரு வருடமும் 11 நாள் போல முன்னால் நகரும். 2027ல் பிப்ரவரி இரண்டாவது வாரத்தை ஒட்டித் தொடங்கும்.

2024 ஜனவரியில் மாலத்தீவு துணை அமைச்சர்கள் பிரதமர் மோடியைப் பற்றிப் போட்ட பதிவுகளால் எழுந்த சண்டையில் இந்தியர்கள் வருகை சரிந்தது. 2023ல் 2 லட்சத்தைத் தாண்டியது, 2024ல் 1 லட்சத்து 30 ஆயிரம் அளவுக்கு இறங்கியது. 2025 ஜூலையில் மோடியே அந்நாட்டின் சுதந்திர தின விழாவுக்குப் போய் வந்துவிட்டார். அங்கே ஆசிரியர்களாகவும் நர்ஸ்களாகவும் இந்தியர்கள் நிறைய பேர் வேலை பார்க்கிறார்கள், அங்கிருந்து சிகிச்சைக்கு இங்கே வருகிறவர்களும் அதிகம். இந்தியர் என்பதற்காகத் தயங்க வேண்டியதில்லை.

முருகன் இல்லாமல் எப்படி என்பவர்களுக்கு

அவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது, அதுவும் முஸ்லிம் நாடுதான். மலேசியாவில் லங்காவி, பினாங்கு என்று தீவுகள் உண்டு. பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயில், கோலாலம்பூர் பக்கம் பத்துமலையில் 140 அடி உயர முருகன் சிலை. படி ஏறிப் பழகிய திருத்தணிக்காரர்களுக்குப் பத்துமலையின் 272 படி பெரிய விஷயமில்லை. 2026 டிசம்பர் 31 வரை இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம், கிளம்புவதற்கு முந்தைய 3 நாளுக்குள் அந்நாட்டின் டிஜிட்டல் வருகை அட்டையை இலவசமாக நிரப்ப வேண்டும். கடல் மாலத்தீவு அளவுக்கு நீலமாக இருக்காது. ஆனால் பெட்டியில் இருக்கும் முருகனை யாரும் வெளியே எடுக்கச் சொல்ல மாட்டார்கள்.